ரைல்ஸ் டியூப் பயிற்சி: பொம்மையில் தேறியவரை நோயாளியிடம் எப்போது அனுப்பலாம்?

கேள்வி: செவிலியப் பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம். மூக்கு வழியாக இரைப்பைக்குள் உணவூட்டும் ரைல்ஸ் டியூப் பொருத்துவதைப் புதிதாகக் கற்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் வகுப்பெடுக்கும் பொறுப்பு எனக்கு இருக்கிறது. தலையிலிருந்து வயிறு வரையுள்ள பயிற்சிப் பொம்மை ஒன்று எங்களிடம் உண்டு. முதலில் பேசாமல் ஒரு முறை செய்து காட்டுவேன். அடுத்து ஒவ்வொரு படியாக விளக்கிச் செய்வேன். பிறகு அவர்கள் சொல்லச் சொல்ல நான் செய்வேன். கடைசியில் அவர்களே சொல்லிக்கொண்டு செய்வார்கள். இந்த நான்கு படிகளும் முடிந்ததும் சரிபார்ப்புப் பட்டியலை வைத்து மதிப்பெண் இடுகிறோம். அநேகமாக எல்லாரும் அன்றைக்கே தேறிவிடுகிறார்கள்.

அவர்கள் வார்டுக்குப் போன பிறகு நடப்பதுதான் என் கவலை. பொம்மையில் நிதானமாகச் செய்தவர், நோயாளி குமட்டியதும் கை நின்றுபோய், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்கிறார். இன்னொருவர் நோயாளி இருமுவதையும் டியூப் தடைபடுவதையும் பொருட்படுத்தாமல் தள்ளிக்கொண்டே போகிறார். முன்னவருக்குத் துணிவு பழக்கத்தில் வந்துவிடும். பின்னவரை நினைத்தால்தான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. டியூப் உள்ளே போய்விட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணமும் பலரிடம் ஊறியிருக்கிறது. சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சத்தம் கேட்டால் போதும் என்று மூத்தவர்களிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார்கள். இந்தச் சோதனையை நம்பக் கூடாது என்று பிரிட்டனின் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை 2005-ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தும், பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே இங்குள்ள அனுபவசாலிகளிடம் கேட்கிறேன். பொம்மையின் வரம்புகளைத் தாண்டி, டியூப் வழி தவறும் சூழலைப் பயிற்சியறைக்குள் எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? இடத்தை உறுதி செய்யும் பகுதியை வகுப்பில் சொல்வதோடு நிறுத்தாமல் கையால் செய்து பழக வைப்பதற்கு வழி உண்டா? பயிற்சியறையில் தேறினார் என்று ஒருவரை எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறீர்கள்?

பதில்: தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர், பயிற்சி ஒருங்கிணைப்பாளர்

தாங்கள் கேட்டிருப்பது மிகவும் அடிப்படையான விஷயம். எங்கள் பிரிவிலும் இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தபின், பயிற்சியின் கட்டமைப்பையே மாற்றினோம்.

பொம்மையின் முதன்மையான குறை, அது எப்போதும் ஒத்துழைப்பதுதான். மூக்குத் துளை அகலமாகவும் நேராகவும் இருக்கும், நடுத்தடுப்பு வளைந்திருக்காது, தொண்டையில் சளி இருக்காது, டியூப் மூச்சுக்குழாய்க்குள் நுழைந்தாலும் இருமாது. இத்தகைய பொம்மையில் பத்து முறை பழகியவர், டியூப் தங்குதடையின்றி உள்ளே போவதுதான் இயல்பு என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார். எனவே பொம்மையைப் பயன்படுத்தும் நோக்கத்தை நாங்கள் குறுக்கிக்கொண்டோம். நோயாளியிடம் சம்மதம் கேட்பது, மண்டையோட்டின் அடித்தளத்தில் முறிவு உண்டா, அண்மையில் மூக்கில் அறுவை சிகிச்சை நடந்ததா, உணவுக்குழாயில் சுருக்கமோ புடைத்த இரத்த நாளங்களோ உண்டா என்று கேட்டறிவது, நீளத்தை அளப்பது, டியூப்பைப் பிடிக்கும் விதம், தலையை எப்போது சற்று முன்னால் குனியச் சொல்வது, விழுங்கும் தருணத்தோடு கையை ஒத்திசைப்பது ஆகியவற்றுக்கு மட்டும் பொம்மை. இவற்றுக்கு அது நன்றாகவே உதவுகிறது.

அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை, அங்கிருந்து மார்பெலும்பின் கீழ் நுனி வரை என்ற அளவைத்தான் எல்லாரும் கற்பிக்கிறோம். பொம்மையில் இந்த அளவு எப்போதும் பொருந்திவரும், ஏனென்றால் உடல் ஒன்றேதான். மனிதர்களில் இந்த அளவு சில சமயம் இரைப்பையின் வாயிலோடு நின்றுவிடும். டியூப்பின் பக்கத் துளைகள் உணவுக்குழாய்க்குள்ளேயே இருந்துவிடக்கூடும். அதனால் பயிற்சியாளர்களை, அதாவது பயிற்சி பெறுபவர்களை, பொம்மையில் ஒரு முறையும், உயரத்திலும் உடல்வாகிலும் வேறுபட்ட சக பயிற்சியாளர்கள் சிலர் மீது டியூப்பைச் செருகாமல் வெளியே வைத்து மட்டும் ஒரு முறையும் அளக்கச் சொல்கிறோம். ஒரே ஆளை இருவர் அளந்து, எழுதிய எண்களை ஒப்பிடும்போது எவ்வளவு வேறுபாடு வருகிறது என்பதைப் பார்த்து அவர்களே வியந்துபோகிறார்கள். டியூப்பில் சென்டிமீட்டர் குறி எங்கே நிற்கிறது என்பதைப் பதிவேட்டில் எழுதும் பழக்கம் இந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் எங்கள் பிரிவில் ஒழுங்காக வந்தது.

இனி உறுதி செய்யும் பகுதி. இதற்குப் பொம்மையே தேவையில்லை. மேசையும் சில கிண்ணங்களும் போதும். நீர்த்த வினிகர், பால் கலந்த நீர், சோடா உப்பு கரைத்த நீர், வினிகரில் சிறிது பால் சேர்ந்து திரிந்த கலவை என வெவ்வேறு திரவங்களைத் தயாரித்து, எது எதுவென்று சொல்லாமல் சிரிஞ்சில் இழுத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) சொட்டச் சொல்கிறோம். திரவம் எப்படித் தெரிகிறது என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது இங்கேதான் கைக்கு உறைக்கிறது. இரைப்பை நீரைப் போலவே தோற்றமளிக்கும் திரவத்தின் பி.எச். ஏழாக இருக்கும்போது பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்தால் தெரியும். டியூப் இரைப்பையில் இருக்கிறது என்று கொள்ள பிரிட்டனில் கடைப்பிடிக்கப்படும் வரம்பு 1 முதல் 5.5 வரை. 5-க்கும் 6-க்கும் இடையிலான நிறங்களைப் பிரித்தறிவது கண்ணுக்குக் கடினம் என்பதால், அந்த இடைவெளியில் வரும் முடிவை இரண்டாவது ஆள் பார்த்து ஒப்ப வேண்டும் என்றும் அங்கே அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. இதையும் பயிற்சியில் சேர்த்திருக்கிறோம்: பளிச்சென்ற வகுப்பறை விளக்கை அணைத்துவிட்டு, இரவு நேர வார்டின் மங்கலான வெளிச்சத்தில் தாளைப் படிக்கச் சொல்கிறோம். பகலில் சரியாகச் சொன்னவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் இன்னொருவரை அழைப்பதுதான் நாம் பழக்க வேண்டிய செயல்.

அடுத்தது, இழுத்தால் ஒன்றுமே வராத சிரிஞ்ச். இதற்கென்று ஒரு மூடிய டியூப்பைத் தனியே வைத்திருக்கிறோம். நோயாளியை இடப்பக்கமாகப் படுக்க வைத்தல், பெரியவர்களுக்கு 10 முதல் 20 மில்லி காற்றைச் செலுத்தி டியூப்பின் நுனியை அடைப்பிலிருந்து விலக்குதல், வாய்ப் பராமரிப்பு செய்தல், 15 முதல் 30 நிமிடம் பொறுத்து மீண்டும் இழுத்தல், டியூப்பைச் சிறிது முன்னோ பின்னோ நகர்த்துதல் ஆகியவற்றை வரிசையாகச் செய்து காட்ட வேண்டும். இந்த இடத்தில் பலரும் செய்யத் துடிக்கும் ஒரு காரியத்தைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்: அடைப்பு நீங்கட்டும் என்று தண்ணீரைச் செலுத்துவது. உள்ளே வழவழப்பான பூச்சுள்ள டியூப்புகளில், செலுத்திய நீரும் கரைந்த பூச்சும் சேர்ந்து திரும்பி வரும்போது பி.எச். 5.5-க்குக் கீழே காட்டி, டியூப் நுரையீரலில் இருந்தும் இரைப்பையில் இருப்பதாக நம்ப வைத்துவிடக்கூடும். இதற்கென்றே 2012-இல் மேற்சொன்ன முகமை தனி எச்சரிக்கை வெளியிட்டது. இடம் உறுதியாகும் வரை ஒரு சொட்டு நீரும் கூடாது என்பதை எங்கள் பட்டியலில் தனி வரியாக வைத்திருக்கிறோம். இதில் தவறினால் மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் பெற்றாலும் அவர் தேறியவர் ஆகமாட்டார்.

பதில்: கதிரியக்க மருத்துவர்

மேலே எழுதிய சகோதரியின் பி.எச். மேசை அருமையான ஏற்பாடு. அதனோடு எக்ஸ்-ரே மேசை ஒன்றையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் அதே முகமை 2011-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், 2005-க்குப் பிறகு வழி தவறிய டியூப்புகளால் 21 மரணங்களும் 79 பாதிப்புகளும் பதிவாகியிருந்தன. அவற்றில் மிகப் பெரிய தனிக் காரணம் எக்ஸ்-ரேயைத் தவறாகப் படித்ததுதான். 2011 செப்டம்பர் முதல் 2016 மார்ச் வரை மேலும் 95 நிகழ்வுகளும் 32 மரணங்களும் பதிவாயின. படம் எடுத்தாகிவிட்டது, ஆகவே ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

டியூப் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதே நான் அடிக்கடி காணும் குறை. பயிற்சியாளர் படத்தின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழாக டியூப்பைப் பின்தொடர வேண்டும். அது உணவுக்குழாயின் பாதையில் இறங்குகிறதா, அல்லது மூச்சுக்கிளைக்குழாயின் வளைவை ஒட்டிப் போகிறதா? மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தை நடுவில் வெட்டிக் கீழே செல்கிறதா? நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை நடுக்கோட்டில் கடக்கிறதா? நுனி இடப்பக்க உதரவிதானத்துக்குக் கீழே தெளிவாகத் தெரிகிறதா? இந்த நான்கையும் வாய்விட்டுச் சொன்ன பிறகே முடிவைச் சொல்ல வேண்டும். படத்தில் இருக்கும் பெயரும் தேதியும் நேரமும் இந்த நோயாளிக்கும் இந்த டியூப்புக்கும் உரியவையா என்பது அவற்றுக்கு முன்னால் வரும் கேள்வி. நேற்றைய படத்தைப் பார்த்து இன்று பொருத்திய டியூப்புக்கு அனுமதி கொடுப்பது கற்பனையில் மட்டும் நடப்பதன்று.

அடையாளங்கள் நீக்கிய படங்களின் தொகுப்பு ஒன்றைத் தயாரிக்கும்போது, எளிய படங்களை அதிகம் வைக்காதீர்கள். வலப்பக்கக் கிளைக்குழாய் இடப்பக்கத்தைவிட அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், வழி தவறும் டியூப் பெரும்பாலும் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேரும். அங்கே ஆழமாக இறங்கிய டியூப்பின் நுனி, உதரவிதானத்தின் பின்சரிவுக்கு அருகில் இருப்பதால், முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் உதரவிதானத்துக்குக் கீழே இருப்பது போலவே தோன்றலாம். நுனியை மட்டும் பார்ப்பவர் இதில் ஏமாறுவார். பாதையைப் பின்தொடர்பவர் ஏமாறமாட்டார். இத்தகைய படங்களையும், மானிட்டர் வயர்கள் குறுக்கே கிடக்கும் படங்களையும், டியூப்பின் நுனி சட்டகத்துக்கு வெளியே போய்விட்ட படங்களையும் கலந்து வையுங்கள். கடைசி வகைக்குச் சரியான விடை, படம் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்பதே. அந்த விடையைச் சொல்லத் துணிபவருக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வினிகர் கிண்ணங்களையும் மங்கலான விளக்கையும் அடுத்த வகுப்பிலேயே தொடங்கப் போகிறேன். இரண்டு விஷயங்களில் இன்னும் தெளிவு வேண்டும். குமட்டலும் இருமலும் பொம்மையில் இல்லை என்பதற்காக, முன்பெல்லாம் பயிற்சியாளர்கள் ஒருவருக்கொருவர் டியூப் போட்டுப் பழகியது போல மீண்டும் செய்யலாமா என்று எங்கள் துறையில் ஒருவர் கேட்கிறார். நோயாளிக்கு எப்படி இருக்கும் என்பதை உணர்ந்தவரே மென்மையாகச் செய்வார் என்பது அவர் வாதம். மற்றொன்று, டியூப்பின் பாதையைத் திரையில் காட்டும் மின்காந்த வழிகாட்டிக் கருவியை வாங்கும் யோசனை இருக்கிறது. அது வந்துவிட்டால் இந்தப் பயிற்சியெல்லாம் குறைந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள்.

பதில்: மயக்கவியல் மருத்துவர், சிமுலேஷன் பயிற்றுநர்

முதல் கேள்விக்கு என் பதில் உறுதியான மறுப்பு. நோயாளியின் அவதியை உணர வேண்டும் என்ற நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் வகுப்பில் கேட்கும்போது மறுக்கும் உரிமை பயிற்சியாளருக்குப் பெயரளவில்தான் இருக்கும். மதிப்பெண் போடுபவரே கேட்கும்போது எத்தனை பேர் மாட்டேன் என்பார்கள்? தேவையில்லாத ஒருவரின் மூக்கில் இரத்தக் கசிவோ, அதைவிட மோசமானதோ நேர்ந்தால் அதை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. அதே நோக்கத்தை எட்ட வேறு வழி இருக்கிறது. நோயாளியாக நடிக்கப் பயிற்றுவிக்கப்பட்டவர்களை ஹோவர்ட் பாரோஸ் 1963-இலேயே மருத்துவக் கல்விக்குள் கொண்டுவந்தார். நாங்கள் அவரது முறையையும் பொம்மையையும் இணைத்துவிடுகிறோம். பொம்மையின் தலைமாட்டில், திரைக்குப் பின்னால் நடிப்பவர் உட்கார்ந்து குரல் கொடுப்பார். பயிற்சியாளர் டியூப்பைத் தொண்டைவரை கொண்டுவந்ததும் குமட்டுவார். முன்கூட்டியே பேசிவைத்த தருணத்தில் இருமுவார். பேச்சு திடீரென்று கரகரக்கும். போதும், நிறுத்துங்கள் என்று கையை உயர்த்துவார். பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்கிறோம். கை உயர்ந்ததும் நிறுத்தினாரா, டியூப்பைத் தொண்டைவரை பின்னிழுத்தாரா, நோயாளி மூச்சு வாங்கிக்கொள்ளும் வரை காத்திருந்தாரா, மீண்டும் தொடங்கும் முன் கேட்டாரா?

இங்கே ஒரு எச்சரிக்கை. இருமலை மட்டுமே அடையாளமாகக் கற்பித்தால் அதுவும் ஆபத்தாக முடியும். மயக்க மருந்தில் இருப்பவர், பக்கவாதத்தால் தொண்டை உணர்விழந்தவர், மிகவும் முதியவர் ஆகியோர் டியூப் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமாமல் இருக்கக்கூடும். செயற்கை சுவாசக் குழாயின் காற்றுப்பை மூச்சுக்குழாயை அடைத்திருப்பதால் ரைல்ஸ் டியூப் அந்தப் பக்கம் போகாது என்று ஐ.சி.யு.வில் சிலர் நம்புவதும் தவறு. மெல்லிய டியூப் காற்றுப்பையின் ஓரமாக நழுவிச் செல்லும். ஏறத்தாழ 9,900 மெல்லிய டியூப்புகளைப் பற்றிய தரவுகளைத் திரட்டி 2011-இல் வெளியான ஆய்வில், 187 டியூப்புகள், அதாவது 1.9 சதவீதம், மூச்சுப்பாதைக்குள் போயிருந்தன. அந்த 187-இல் 35 பேருக்கு நெஞ்சறைக்குள் காற்று கசிந்து நியூமோதொராக்ஸ் ஏற்பட்டது. ஆகவே எங்களின் பாதிக் காட்சிகளில் நடிப்பவர் இருமவே மாட்டார். அமைதியாகப் போன டியூப்பின் முடிவில் பி.எச். 7 என்று வரும். டியூப் இவ்வளவு சுலபமாகப் போனதே, தாளில்தான் ஏதோ கோளாறு என்று பயிற்சியாளர் சொல்கிறாரா, தாளை நம்பி நிறுத்துகிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும். உணவைத் தொடங்கச் சொல்லி மூத்த மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அவசரப்படுத்துவதையும் சில காட்சிகளில் சேர்க்கிறோம். இன்னும் உறுதியாகவில்லை, தொடங்க இயலாது என்று மரியாதையோடும் உறுதியோடும் சொல்வதற்கும் பழக்கம் வேண்டும், அது தானாக வருவதில்லை.

செருகும்போது மெல்லிய டியூப்புக்கு விறைப்புத் தரும் உள்கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருவிய உள்கம்பியை, டியூப் நோயாளியின் உடலுக்குள் இருக்கும்போது மீண்டும் செருகவே கூடாது; அது பக்கத் துளை வழியாக வெளியேறித் திசுவைக் குத்தும். பொம்மையில் இதைச் செய்தால் எதுவும் ஆகாது என்பதால் பயிற்சியாளர்கள் கூச்சமில்லாமல் செய்வார்கள். அதனால் பழைய டியூப் ஒன்றை வளைத்துப் பிடித்து, உள்கம்பி துளை வழியே எட்டிப் பார்ப்பதைக் கண்ணெதிரே காட்டிவிடுவது நல்லது.

அளவுகோலைப் பற்றி. முதல் நாளிலேயே எல்லாரும் தேறுகிறார்கள் என்றால், தேர்வு தளர்வாக இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய இரத்தநாளத்தில் மைய இரத்தநாளக் குழாய் பொருத்துவதில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் கடைப்பிடித்த முழுத்தேர்ச்சி முறை எனக்குப் பிடித்தமானது. அதில் குறைந்தபட்சத் தேர்ச்சி நிலை முன்கூட்டியே வரையறுக்கப்படும். அதை எட்டும்வரை பயிற்சி தொடரும். நேரம் ஆளுக்கு ஆள் மாறலாம், நிலை மாறாது. 2009-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, இப்படிப் பயின்றவர்கள் பணியாற்றிய ஐ.சி.யு.வில் குழாய் சார்ந்த இரத்தத் தொற்று ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய் நாள்) 3.20 என்பதிலிருந்து 0.50-ஆகக் குறைந்தது. ரைல்ஸ் டியூப்புக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். பட்டியலின் எல்லா வரிகளுக்கும் சம மதிப்பெண் கொடுக்காமல், முரண்பட்ட அறிகுறியில் நிறுத்துதல், இடம் உறுதியாகாமல் எதையும் செலுத்தாதிருத்தல், படத்தின் பாதையைப் பின்தொடர்தல் ஆகியவற்றைத் தவறவே கூடாத வரிகளாக வையுங்கள். பயிற்சியறையில் தேறியவர் வார்டில் மேற்பார்வையின் கீழ்ச் செய்யத் தகுதி பெற்றவர், அவ்வளவுதான். தனியாகச் செய்யும் அனுமதியை, உடனிருந்து பார்த்தவர் தர வேண்டும்.

மின்காந்தக் கருவி நல்ல கருவிதான். பழகிய கையில் எக்ஸ்-ரேயின் தேவையைக் குறைக்கும். ஆனால் திரையில் ஓடும் கோட்டைப் படிப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறன். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் இத்தகைய கருவிகளோடு தொடர்புடைய நியூமோதொராக்ஸ் நிகழ்வுகளைக் குறித்து மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. 2012 ஜனவரி முதல் 2017 ஜூலை வரை வந்த அறிக்கைகளில் மரணங்களும் இருந்தன. 2022-இல் அத்தகைய கருவி ஒன்றைக் குறித்து மீண்டும் எச்சரிக்கை வந்தபோது, 2015 முதல் 60 காயங்களும் 23 மரணங்களும் அறிவிக்கப்பட்டிருந்தன. கருவி வந்தால் பயிற்சி குறையும் என்று திட்டமிடுபவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் கருவிக்கும் தனியே காட்சிகள் அமைக்க வேண்டியிருக்கும்: கோடு நடுவிலிருந்து விலகத் தொடங்கும் கணத்தில் கையை நிறுத்தக் கற்பிப்பதே அவற்றின் மையமாக இருக்கும்.

பதில்: உணவியல் வல்லுநர்

மேலே சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன். ஒன்றில் மட்டும் சற்று வேறுபடுகிறேன். தவறவே கூடாத வரிகளை வைத்துத் தேர்வு நடத்தும்போது, பயிற்சியாளர்கள் அச்சத்தில் எல்லாவற்றுக்கும் எக்ஸ்-ரே கேட்கத் தொடங்கிவிடக்கூடும். படம் எடுத்து, அதைப் படிக்கும் ஆள் வரும்வரை நோயாளி மணிக்கணக்கில் ஊட்டமும் வாய்வழி மருந்தும் இல்லாமல் காத்திருப்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். அதுவும் பாதிப்புதான். பி.எச். முடிவு தெளிவாக இருக்கும்போது அதை நம்பி உணவைத் தொடங்குவதும் மதிப்பிட வேண்டிய திறன் என்பதைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவரிடமும், தொடர்ந்து ஊட்டம் போய்க்கொண்டிருப்பவரிடமும் பி.எச். உயர்ந்திருக்கலாம் என்பதைத் தெரிந்து, எவருக்குப் படம் தேவை, எவருக்குச் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் சோதித்தால் போதும் என்று பிரித்தறியும் காட்சிகளும் வேண்டும்.

காட்சி முடிந்த பின் நடக்கும் உரையாடலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சிமுலேஷன் பயிற்சியைப் பற்றிய 109 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான கட்டுரை, கற்றலுக்கு உதவும் கூறுகளில் பின்னூட்டத்தையே முதலிடத்தில் வைத்தது. எங்களிடம் காட்சிக்குச் செலவிடும் நேரத்தைவிட அதற்குப் பின் பேசும் நேரம் கூடுதல். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால் பயிற்சியாளர் தற்காப்புக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் உங்கள் கவனம் எதில் இருந்தது என்று கேட்டால், டியூப்பில் இருந்த சென்டிமீட்டர் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நோயாளியின் முகத்தைப் பார்க்கவில்லை என்று அவரே சொல்வார்.

பதில்: தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர், பயிற்சி ஒருங்கிணைப்பாளர்

உணவியல் வல்லுநர் சொன்னது நியாயம், பி.எச். 3 வந்த பிறகும் படம் கேட்டவரிடம் காரணம் கேட்கும் வரியை எங்கள் பட்டியலிலும் சேர்த்துக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு இன்னும் ஒன்று. பொருத்திய அன்று சரியாக இருந்த டியூப், வாந்தியாலோ, கடும் இருமலாலோ, நோயாளி இழுத்ததாலோ பிறகு இடம் மாறக்கூடும். ஒவ்வொரு முறை உணவோ மருந்தோ செலுத்தும் முன்பும், குறைந்தது நாளுக்கு ஒரு முறையும் சரிபார்க்க வேண்டும் என்பதை வகுப்பில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். பயிற்சி முழுவதும் புதிதாகப் பொருத்துவதைச் சுற்றியே சுழல்கிறது. நாங்கள் இப்போது பொம்மைக்கு முன்கூட்டியே டியூப் பொருத்தி, பிளாஸ்திரியைப் பாதி கழற்றி, பதிவேட்டில் 58 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்க, மூக்கின் ஓரத்தில் 46 தெரியுமாறு இழுத்து வைத்துவிடுகிறோம். உணவுப் பையையும் சொட்டத் தயாராக மாட்டிவிட்டு, மதிய உணவைத் தொடங்குங்கள் என்று மட்டும் சொல்லிப் பயிற்சியாளரை உள்ளே அனுப்புகிறோம். பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பார்ப்பவர் யார், நேரே பையின் சக்கரத்தைத் திறப்பவர் யார் என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். இந்தக் காட்சிக்குச் செலவு ஏதுமில்லை; வேண்டுமானால் எங்கள் பட்டியலின் பிரதியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.